பொட்டு மாறிய வளையல்

என்னைக் கோபக்காரி என்று சொல்வதற்கு ஓர் ஆராய்ச்சி வேண்டுமா? எங்கள் தெருவில் எந்தக் கதவைத் தட்டிக் கேட்டாலும் சும்மாவே சொல்வார்கள். தண்ணீர் லாரிக்காரன் சொல்வான். என் நாத்தனார் கேட்காமலேயே சொல்வாள். எதற்குக் கோபப்பட்டேன் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள், ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

என் பெயர் சண்முகவடிவு. அந்தப் பெயரைச் சொல்லி என்னை ஆள் கூப்பிட்டு வெகுகாலம் ஆகிறது. மலர்ச்சி மையத்தில் நான் 'செந்தூரன் மம்மி'. அங்கே எல்லாப் பெண்களுக்கும் பிள்ளையின் பெயர்தான் பெயர். செந்தூரன் என் ஒரே மகன், ஒன்பது வயது. பேச்சு கிடையாது. வாஷிங் மெஷின் சுற்றுவதைப் பார்க்கப் பிடிக்கும், தயிர் சாதம் பிடிக்கும், ஹாரன் சத்தம் ஆகாது. இன்னொன்றும் பிடிக்கும். என் நெற்றியில் இருக்கிற ஒட்டுப்பொட்டை நகத்தால் உரித்து வேறெங்காவது ஒட்டுவான். எங்கள் வீட்டுக் கதவு, ஃபிரிட்ஜ், அவன் அப்பாவின் முதுகு என்று பொட்டு இல்லாத இடம் இல்லை.

அவன் ஏன் இப்படி இருக்கிறான் என்பதற்குத் தூத்துக்குடியில் எல்லோரிடமும் ஒரு காரணம் இருந்தது. வயிற்றில் இருக்கும்போது நான் இரும்புச்சத்து மாத்திரையை ஒழுங்காக விழுங்கவில்லை. கைக்குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குப் போனேன். அப்புறம் வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்ததால் அவனை அளவுக்கு மீறிக் கொஞ்சினேன். போனைக் கையில் கொடுத்தேன். போனைப் பிடுங்கினேன். எந்தக் காரணத்தை எடுத்தாலும் அது என்னிடம்தான் வந்து நிற்கும். அவன் அப்பா துறைமுகத்துக் கிரேன் ஓட்டுகிறவர். இப்போதெல்லாம் யாரும் கிரேனில் ஏறுவதில்லை, வீட்டில் உட்கார்ந்து திரையைப் பார்த்தபடி ஓட்டுகிறார்கள். ஆக, மனுஷன் நாள் முழுக்க வீட்டில்தான் இருக்கிறார். அவரால்தான் பிள்ளைக்கு இப்படி ஆனது என்று இதுவரை ஒரு நாய்கூடக் குரைத்ததில்லை.

அப்புறம்தான் அந்த ஆராய்ச்சி வந்தது. தாயின் மனசில் இருக்கிற படபடப்பும் எரிச்சலும் பிள்ளையின் மூளைக்குக் கடத்தப்படுகின்றன, தாய் அமைதியானால் பிள்ளை அமைதியாகும் என்று கண்டுபிடித்துவிட்டார்களாம். எவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு! என் நாத்தனார் அதை ஐந்தாறு வருஷத்துக்கு முன்னாலேயே கண்டுபிடித்திருந்தாள். அவளுக்கு ஒரு விருதும் கொடுக்கவில்லை, பாவம்.

ஆராய்ச்சி வந்த கையோடு வளையல் வந்தது. அதைப் போடுவதற்கு மையத்தில் ஒரு விழாவே நடத்தினார்கள். வளைகாப்பு மாதிரியே செய்தார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. எங்களை வரிசையாக நாற்காலியில் உட்கார வைத்து, கன்னத்தில் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, ஊர்ப் பெரிய வீட்டுப் பெண்களை விட்டு ஆளுக்கு ஒரு வளையல் போட்டார்கள். புளிசாதம், எலுமிச்சை சாதம், தயிர் சாதம் எல்லாம் உண்டு. மையத்தின் இயக்குநர் டாக்டர் மாதங்கி பேசும்போது, இன்றைக்கு நீங்கள் எல்லோரும் மறுபடியும் தாயாகிறீர்கள் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும்தான் தட்டினேன்.

பார்வைக்கு அது சாதாரணக் கண்ணாடி வளையல். தாயின் நாடியையும் வியர்வையையும் படித்து நிறம் மாறும் என்றார்கள். மனசு அமைதியாக இருந்தால் பச்சை, கலங்கினால் மஞ்சள், கோபம் ஏறினால் சிவப்பு. பிள்ளைகளுக்கும் அரைஞாண் கயிற்றில் ஒரு மணி கோத்துக் கொடுத்தார்கள். அது வேறு விஷயம், பிள்ளை எங்காவது ஓடிப் போய்விட்டால் இடம் காட்டும் என்றார்கள். எங்கள் பிள்ளைகள் ஓடுகிற பிள்ளைகள். அதனால் அந்த மணிக்கு மட்டும் நாங்கள் மனசாரக் கும்பிடு போட்டோம்.

வளையல் ஒரு மாதம் சிவப்பிலேயே நின்றால் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து ஆறு மாதம் 'அமைதி இல்லத்தில்' வைப்பார்கள் என்பது விதி. உப்பளங்களைத் தாண்டி, ஊருக்கு வெளியே இருக்கிறது அந்த இல்லம். ஆரம்பத்தில் தாய் போய்ப் பார்க்கவும் கூடாது, அவள் மூச்சுக்காற்றுகூட ஆகாது. அங்கே போய் வந்த ஒரு பிள்ளை சத்தம் போடுவதை நிறுத்தியிருந்தது. சிரிப்பதையும் நிறுத்தியிருந்தது. குணமாகிவிட்டது என்று எழுதிக்கொண்டார்கள்.

விதி கிடக்கட்டும், தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் ஊருக்கே அந்த வளையலின் அர்த்தம் தெரிந்துவிட்டது. பேருந்தில் என் பிள்ளை கத்தினால் முன்பெல்லாம் அவனைத்தான் பார்ப்பார்கள். இப்போது நேராக என் கையைப் பார்ப்பார்கள். சிவப்பாக இருந்தால், 'அதானே பார்த்தேன்' என்று ஒரு முகம் காட்டுவார்கள் பாருங்கள், அந்த முகத்தில் அறைய வேண்டும் போல இருக்கும். வேகாத வெயிலில் முழுக்கை ரவிக்கை போட்டுத் திரிந்த பெண்கள் உண்டு. ஒருத்தியின் புருஷன், அவள் வளையல் சிவந்ததைக் காட்டியே விவாகரத்து வாங்கிக்கொண்டு போனான். பிள்ளையை மட்டும் அவளிடமே விட்டுவிட்டுப் போனான்.

மையத்தில் பிள்ளைகள் பயிற்சிக்கு உள்ளே போனதும் நாங்கள் மாடி வராந்தாவில் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருப்போம். எனக்குப் பக்கத்தில் எப்போதும் ஜெசிந்தா. கடற்கரைத் தெருக்காரி, புருஷன் கப்பலில் வேலை பார்க்கிறார், ஏழு வயசில் கிளாட்வின் என்று ஒரு மகன். ஜெசிந்தா குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கிளாட்வின் அவள் தலைமுடியைக் கொத்தோடு பிடித்து இழுத்தால்கூட, விடுய்யா ராசா, விடுய்யா என்பாள். உனக்குக் கோபமே வராதாடி, கடையில் வாங்கித் தரவா என்று கேலி செய்வேன். அவள் வளையல் எப்போதும் பச்சை. என்னுடையது மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவில் அல்லாடும். அவளைப் பார்க்க எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

வாரம் ஒரு நாள் பிள்ளைகளைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி விளையாட்டுப் பயிற்சி நடக்கும். தாய்மாரும் கூடவே இறங்க வேண்டும். வளையலை நனைக்கக் கூடாது என்பதால் எல்லோரும் கழற்றி ஒரு எவர்சில்வர் தட்டில் வைப்போம். எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், உள்பக்கம் ஒரு எண் இருக்கும், அதைப் படிக்கப் பூதக்கண்ணாடி வேண்டும். அதனால் ஆளுக்கொரு அடையாளம் வைத்திருந்தோம். ஒருத்தி நகப்பாலிஷ் வைத்திருந்தாள், ஒருத்தி நூல் சுற்றியிருந்தாள். நான் உள்பக்கம் ஒரு கறுப்புப் பொட்டு ஒட்டியிருந்தேன். ஜெசிந்தா மட்டும் ஒன்றும் வைக்கவில்லை. எல்லோரும் எடுத்த பிறகு மிச்சம் இருப்பது என்னுடையது என்பாள்.

அந்த வாரம் செந்தூரன் சீக்கிரமே தண்ணீரை விட்டு ஏறிவிட்டான். தட்டில் இருந்த வளையல்களைத் தொட்டியின் விளிம்பில் வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிள்ளை ஒரு இடத்தில் உட்கார்ந்திருக்கிறதே என்று நானும் விட்டுவிட்டேன். பயிற்சி முடிந்ததும் பொட்டு இருந்த வளையலை எடுத்து மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அன்றைக்குப் பிடித்தது எனக்கு நல்ல காலம். வளையல் பச்சையாகவே இருந்தது. லாரிக்காரன் செந்தூரன் காதருகே ஹாரன் அடித்துவிட்டுச் சிரித்தான் என்று அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினேன், அப்போதும் பச்சை. நாத்தனார் வீட்டுக் கல்யாணத்தில் எங்களைப் பந்தியில் கடைசி வரிசைக்குப் போகச் சொன்னார்கள். இலையை மடித்து வைத்துவிட்டு மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டு வந்தேன், அப்போதும் பச்சை. பார்த்தவர்கள் குழம்பிப் போனார்கள். இவள் நியாயத்துக்குத்தான் கத்தியிருக்கிறாள் போல என்று பேசிக்கொண்டார்களாம். என் வீட்டுக்காரர்கூட மெச்சினார்.

ஆனால் செந்தூரன் மோசமாகிக்கொண்டே போனான். சாப்பாட்டைத் துப்பினான். தாடையில் கையால் குத்திக்கொண்டு அலறினான். முன்பென்றால் நான் என்ன செய்திருப்பேன் தெரியுமா? வளையலைப் பார்த்திருப்பேன். சிவப்பு என்றதும் என் கோபம்தான் பிள்ளையைப் பிடித்து ஆட்டுகிறது என்று மூச்சுப் பயிற்சி செய்துகொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பேன். இந்த முறை என் கை பச்சை. அப்படியானால் காரணம் நான் இல்லை, வேறு என்னவோ இருக்கிறது என்று தேடினேன். அவன் அப்பாவைக் கூப்பிட்டுக் காலைப் பிடிக்கச் சொல்லி, டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தேன். கடைவாய்ப் பல்லைச் சுற்றி ஈறு சீழ் கோத்து வீங்கியிருந்தது.

ஒரு மாதம் என் பிள்ளை பல்வலியில் துடித்திருக்கிறான். வாரம் தவறாமல் பயிற்சி கொடுக்கிற அந்த மையத்தில் ஒருத்தர் அவன் வாயைத் திறந்து பார்க்கவில்லை. பல் டாக்டர் மருந்து கொடுத்து, வியாழக்கிழமை மயக்க மருந்து கொடுத்துப் பிடுங்கிவிடலாம் என்று நாள் சொன்னார். மருந்து உள்ளே போனால் சில மணி நேரம் அடங்கியிருப்பான். அதுவே எனக்குப் பெரிய காரியமாக இருந்தது.

அதே மாதத்தில் ஜெசிந்தா உருக்குலைந்து போனாள். அவள் வளையல் சிவந்துவிட்டது. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, சிவந்தது சிவந்தபடியே நின்றது. கிளாட்வின் எப்போதும் போல நன்றாகத்தான் இருந்தான். ஆனாலும் தனக்குள்ளே ஏதோ ஒரு கொடூரம் இருக்கிறது, அது இன்னும் பிள்ளைக்கு ஏறவில்லை, எந்த நேரத்திலும் ஏறிவிடும் என்று அவளே முடிவு கட்டிவிட்டாள். மாதா கோயிலில் முழங்கால் போட்டாள். ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருந்தாள். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்வதற்குப் பாவம் கிடைக்காமல் ஒரு பாவத்தைக் கற்பனை பண்ணிச் சொன்னாளாம். கோயிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் தள்ளி உட்கார்ந்தார்கள். அதைவிடக் கொடுமை, பிள்ளையைத் தொடுவதை நிறுத்திவிட்டாள். நான் தொட்டால் ஏறிவிடும் அக்கா என்றாள். குளிப்பாட்டத் தங்கையை வரவழைத்தாள். சாதத்தை நீளக் கரண்டியில் எட்ட நின்று ஊட்டினாள். கிளாட்வின் அவள் மடியில் ஏற வந்தால் எழுந்து போய்விடுவாள். எனக்கு அவளைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

மாதக் கடைசியில் டாக்டர் மாதங்கி ஒவ்வொரு தாயையும் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவார். நான் அன்றைக்குத் தெம்பாகத்தான் உள்ளே போனேன். பச்சைக் கையோடு போகிறேன், வேறென்ன வேண்டும்? அவர் திரையைப் பார்த்துவிட்டு, மெதுவாக, அந்த இனிப்பான குரலில் சொன்னார்.

"செந்தூரன் மம்மி, இந்த மாசம் முழுக்க நீங்க சிவப்புலதான் இருந்திருக்கீங்க. இனிமே என் கையில எதுவும் இல்லை. நாளைக்குக் காலையில செந்தூரனை இல்லத்துக்குக் கூட்டிட்டுப் போக வண்டி வரும்."

நாளைக்கு என்றால் புதன்கிழமை. பல்லைப் பிடுங்கவில்லை. அங்கே போய் அவன் தாடையில் குத்திக்கொண்டு கத்துவான், கத்தவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வளையல் போட்ட கையைத் தூக்கி அவர் மேசை மேல் வைத்தேன். பளிச்சென்று பச்சை.

டாக்டர் திகைத்துப் போனார். என் கையைத் திருப்பி, உள்பக்க எண்ணைக் கண்ணாடி வைத்துப் படித்தார். அது ஜெசிந்தாவின் வளையல். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் என் கறுப்புப் பொட்டு ஒட்டியிருந்தது, கொஞ்சம் கோணலாக. நான் எப்போதும் நேராகத்தான் ஒட்டுவேன். தொட்டி விளிம்பில் உட்கார்ந்து என் பிள்ளை என்ன வேலை பார்த்தான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

உடனே ஜெசிந்தாவைக் கூப்பிட்டார்கள். அவள் கையில் இருந்த என் வளையல் அப்போது மஞ்சளாக இருந்தது, காலையில் செந்தூரனுக்கு மருந்து கொடுத்திருந்தேன். இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டு, ஒன்றுமில்லை, கைமாறிப் போய்விட்டது, நீங்கள் போங்கள் என்று அவளை வெளியே அனுப்பினார் டாக்டர். ஜெசிந்தா பச்சையான தன் கையைப் பார்த்தபடி, கதவு எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாமல் நடந்து போனாள். நான் நாற்காலியை விட்டு எழவில்லை.

"நான் லாரிக்காரன் சட்டையப் பிடிச்ச அன்னைக்கு இது பச்சை. அவ கோயில்ல முழங்கால் போட்டு நின்ன அன்னைக்கு அது சிவப்பு," என்றேன். "இது யாரோட மனசப் படிக்கு, டாக்டர்?"

அவர் மழுப்பவில்லை, அதைச் சொல்ல வேண்டும். தண்ணீர் குடித்துவிட்டு, ஒரு மாணவிக்குச் சொல்வது போலப் பொறுமையாக விளக்கினார். முதலில் வந்த வளையல்களில் நாடி பார்க்கிற கருவி இருந்ததாம். தூத்துக்குடியின் உப்புக்காற்றும் வியர்வையும் பட்டு அவை வாரத்துக்கு ஒன்று கெட்டுப் போயின. மாற்றி மாற்றிக் கட்டுப்படியாகவில்லை. பிள்ளைகளின் அரைஞாண் மணி மட்டும் கெடவே இல்லை. அது இடத்தை மட்டுமல்ல, பிள்ளையின் படபடப்பையும் படிக்கிறதாம். அதை எங்களிடம் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"தாயோட கோபம்தான் பிள்ளைக்குப் போகுதுன்னு ஆராய்ச்சி முடிவாயிருச்சு இல்லையா?" என்றார். "அப்போ பிள்ளையை அளந்தா தாயை அளந்த மாதிரிதானே? எதுக்கு ரெண்டு இடத்துல அளக்கணும்?"

"அப்ப இந்த வளையலுக்குள்ள என்ன இருக்கு?"

"விளக்கு," என்றார். "விளக்கு மட்டும்தான்."

பிள்ளைக்குப் பல் வலித்தால் தாய் கோபக்காரி. பிள்ளைக்குத் தூக்கம் வந்தால் தாய் உத்தமி. இதற்குத்தான் சந்தனம், குங்குமம், கலவை சாதம் எல்லாம். எனக்கு மேசையைப் புரட்டிப் போட வேண்டும் போல இருந்தது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். இன்னும் அந்தம்மா பேசி முடிக்கவில்லை.

வளையல் வந்த பிறகு எத்தனை தாய்மார் பிள்ளையை அடிப்பதை நிறுத்தியிருக்கிறார்கள் தெரியுமா என்று கேட்டார். எத்தனை பேர் பயிற்சியைப் பாதியில் விடாமல் வருகிறார்கள், வளையலைப் பார்த்துத்தானே நன்கொடை வருகிறது, அது நின்றால் மையத்தையே மூட வேண்டும், அப்புறம் இந்தப் பிள்ளைகள் எங்கே போகும் என்றார். கடைசியில் விஷயத்துக்கு வந்தார். செந்தூரனை அனுப்பும் உத்தரவை இப்போதே ரத்து செய்துவிடுவார். என் வளையல் இனிமேல் என்றைக்கும் பச்சையாகவே இருக்கும்படி செய்துவிடுவார். நான் வெளியே வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால், வேண்டுமென்றே வளையலை மாற்றிப் போட்டு ஏமாற்றியதாக எழுத வேண்டிவரும், நாளைக்கு வண்டி வரும்.

எனக்கு ஆசை வந்தது. ஏன் வராது? வியாழக்கிழமை பல்லைப் பிடுங்கிவிடலாம், பிள்ளை என்னோடு இருப்பான், கையும் பச்சையாக இருக்கும், நாத்தனார் வாயும் அடங்கும். சரி என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது அறையின் கண்ணாடி வழியாக வராந்தா தெரிந்தது. பயிற்சி அறை வாசலில் ஜெசிந்தா தரையில் உட்கார்ந்து, ஊஞ்சலில் இருந்த கிளாட்வினை இறக்கி மடியில் போட்டுக்கொண்டு, அவன் தலையை மோந்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு தொடுகிறாள். இடையிடையே வளையலைப் பார்த்துக்கொண்டாள், இன்னும் பச்சைதானா என்று. கிளாட்வின் நெளிந்து விடுபட்டு மறுபடியும் ஊஞ்சலுக்கு ஓடினான், அவள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

நான் எழுந்து வெளியே வந்து, வராந்தாவில் இருந்த பெண்களிடம் எல்லாவற்றையும் சொன்னேன். புகார் சொல்கிற குரலில் இல்லை, ஏலம் போடுகிறவள் குரலில் சொன்னேன். விளக்கு மட்டும்தான் இருக்கிறது, நம் நாடியை அது பார்க்கவே இல்லை, பிள்ளை இடுப்பில் இருக்கிற மணிதான் எல்லாம் என்று சொல்லி முடித்துவிட்டு, கழற்றி எறியுங்கள் என்றேன். ஒருத்தியும் அசையவில்லை. பிள்ளைகளின் பையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். டாக்டர் காதில் விழப் போகிறது என்றாள் ஒருத்தி. இந்த மையத்தை விட்டால் நமக்கு வேறு எது என்றாள் இன்னொருத்தி.

ஜெசிந்தா மட்டும் பேசினாள். "யக்கா, இப்பதான் பச்சையாயிருக்கு. என்னைக் கழட்டச் சொல்லாதீங்க."

"அது வெறும் விளக்குட்டி. உன் மேல ஒரு தப்பும் இல்ல. என்னைக்கும் இருந்ததில்ல."

"என் தப்பா இருந்தா நான் திருத்திக்கிடலாம்லாக்கா," என்றாள். அவள் குரல் உயரவே இல்லை. "ஜெபம் பண்ணலாம், ஒருசந்தி இருக்கலாம், வாயப் பொத்திக்கிட்டு இருக்கலாம். என் தப்பே இல்லன்னு சொன்னா, அப்புறம் கிளாட்வினுக்கு நான் என்ன செய்ய?"

கையில் கிடைத்த குச்சியை ஊன்றுகோல் என்று அவள் பிடித்துக்கொண்டிருக்கிறாள், அதைப் பிடுங்குகிறவளாக நான் நிற்கிறேன். என்னை அப்படி நிற்க வைத்தவர்கள் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை எந்த வளையலாலும் காட்டியிருக்க முடியாது. என் வளையலைக் கழற்றி, சுவரோரம் இருந்த எவர்சில்வர் தட்டில் ஓங்கிப் போட்டேன். அது மஞ்சளாகக் கிடந்தது. பயிற்சி அறையிலிருந்து செந்தூரனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு படியிறங்கினேன். அவன் இடுப்பு மணியையும் அறுத்து எறியத்தான் கை போனது. ஆனால் அவன் ஓடுகிற பிள்ளை, தனியாக ஒரு பொம்பளை எந்தப் பக்கம் என்று துரத்துவேன்? விட்டுவிட்டேன்.

கேட்டைத் தாண்டவில்லை. மையத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்த லாரி பின்னால் எடுத்துக்கொண்டே நீளமாக ஹாரன் அடித்தது. செந்தூரன் காதைப் பொத்திக்கொண்டு அப்படியே ரோட்டில் விழுந்தான். அலறலோடு தாடையில் குத்த ஆரம்பித்தான், வீங்கிய அதே பக்கத்தில். நானும் ரோட்டிலேயே உட்கார்ந்து, அவன் கால்மேல் என் காலைப் போட்டு அழுத்தி, தாடைக்கும் அவன் கைக்கும் நடுவில் என் உள்ளங்கையைக் கொடுத்தேன். குத்தெல்லாம் என் கையில் விழுந்தது. வழக்கம்போலக் கூட்டம் கூடியது. எல்லோரும் முதலில் என் மணிக்கட்டைப் பார்த்தார்கள். வளையல் எங்கம்மா என்று ஒரு ஆள் கேட்டான். நான் அவனுக்குச் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

மேலே நடந்ததை நான் பார்க்கவில்லை, அப்புறம்தான் சொன்னார்கள். ஜன்னல் வழியாகச் செந்தூரனின் சத்தம் கேட்டதும் தட்டில் கிடந்த வளையல் சிவந்திருக்கிறது. யார் கையிலும் இல்லை. பக்கத்தில்கூட யாரும் இல்லை. தட்டில் தானாகக் கிடந்து, அவன் ஒவ்வொரு முறை அலறும்போதும் இன்னும் சிவந்திருக்கிறது. எல்லோரும் தட்டையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தார்களாம். ஜெசிந்தா அதைக் கையில் எடுத்துப் பார்த்தாளாம். ஒரு மாதம் தன் கையில் எரிந்த அதே சிவப்பு.

கீழே எனக்குத் தெரிந்ததெல்லாம், டாக்டர் மாதங்கி கேட்டருகே வந்து நின்று, பார்த்தீர்களா, இதற்குத்தான் இவனை உங்களிடம் விடக் கூடாது என்கிறேன் என்றதுதான். வண்டியை நாளைக்கு வேண்டாம், இன்றைக்கே வரச் சொல்லுங்கள் என்று யாரிடமோ சொன்னார். என்னால் எழுந்து நிற்க முடியவில்லை, பிள்ளை என் காலுக்கடியில் துடித்துக்கொண்டிருந்தான்.

அப்போது படிக்கட்டில் ஒரு சத்தம் கேட்டது. யாரோ மீன்காரி சண்டைக்கு வருகிறாள் என்றுதான் நினைத்தேன். ஜெசிந்தா. செருப்பில்லாமல், முந்தானை அவிழ்ந்து, தொண்டை கிழிய, இருபது வருஷத்துக் கத்தலையும் சேர்த்து வைத்துக் கத்திக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்கள் ஒவ்வொருத்தியாக இறங்கி வந்தார்கள்.

"ஒரு மாசமா எம்புள்ளய நான் தொடலடி," என்றாள், டாக்டர் மாதங்கியைப் பார்த்து, எல்லோர் முன்னிலையிலும். "எட்ட நின்னு சோறு போட்டேன், நாய்க்குப் போடுத மாதிரி. இவன எங்க கூட்டிட்டுப் போவ? எங்க வாயத் தாண்டிக் கூட்டிட்டுப் போ, பாப்போம்."

லாரிக்காரன் வண்டியை அணைத்துவிட்டான். டாக்டர் இரண்டடி பின்னால் போனார். செந்தூரனின் குத்து தளர்ந்து, அவன் விரல் என் நெற்றிக்கு வந்து பொட்டைத் தேடியது. ஜெசிந்தா நிறுத்தவில்லை. டாக்டரின் முகத்துக்கு நேராகக் கையை ஓங்கிக்கொண்டு நின்றாள், உடம்பெல்லாம் ஆடியது, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கிளாட்வின் மாடியில் இன்னும் ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருந்தான். ஓங்கிய அவள் கையில் வளையல் பச்சையாக இருந்தது.